ஆர்ட்டீமியா: டின்னைப் பார்க்காதீங்க, நேரத்தைப் பாருங்க

18 நவம்பர் 2023, காலை (வாசகர் கேள்வி)

"அண்ணா, மாடியில ஃபைட்டர் மீன் ஜோடி விட்டுக் குஞ்சு எடுத்திருக்கேன். கொளத்தூர் மீன் கடையில கேட்டா ஆர்ட்டீமியா (உப்புத் தண்ணியில வாழுற பொடி இறால் மாதிரி உயிர், அதோட காய்ஞ்ச முட்டையை டின்ல விக்கிறாங்க) இல்லாம ஃபைட்டர் குஞ்சு தேறாதுங்கிறாங்க. எங்க மாமா பழைய ஆளு, வேகவச்ச முட்டையோட மஞ்சக்கருவைத் துணியில வச்சுப் பிழிஞ்சு போட்டே வளர்த்தவர். ஆர்ட்டீமியா டின் விலையைக் கேட்டா தலை சுத்துது. சின்ன பாக்கெட் வாங்கிப் பொரிக்க வச்சுப் போட்டும் பார்த்தேன், குஞ்சுங்க அப்படியேதான் இருக்கு. மஞ்சக்கருவே போதும், ஆர்ட்டீமியா வெறும் வியாபாரம்னு நினைக்கிறேன். சரிதானே?"

18 நவம்பர் 2023, இரவு

இல்ல தம்பி. ஆனா நீங்க இப்படி நினைச்சதுக்குக் காரணம் எனக்குப் புரியுது.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். பொரிஞ்சு எத்தனை மணி நேரம் கழிச்சுப் போட்டீங்க? சாயங்காலம் ஊற வச்சு, மறுநாள் சாயங்காலம் பார்த்து, "ஆஹா பொரிஞ்சிருச்சு"ன்னு அன்னைக்கு ராத்திரி கொஞ்சம், அதுக்கு மறுநாள் காலையில கொஞ்சம், மீதியை அன்னைக்கு ராத்திரி. இப்படித்தான் பெரும்பாலானவங்க போடுறாங்க. அந்தக் கடைசித் தவணையில உயிர் இருக்கும், சத்து ரொம்ப இருக்காது.

ஓட்டை விட்டு வெளிய வந்த ஆர்ட்டீமியாவுக்கு வாயே திறந்திருக்காது. தாய் கொடுத்தனுப்பின மஞ்சள் கருவை வச்சுத்தான் நீந்துது. ஆரஞ்சு நிறமாத் தெரியுறது அந்தச் சேமிப்புதான். 28 டிகிரி தண்ணியில சுமாரா எட்டு மணி நேரத்துல முதல் தோலை உரிச்சிடும். அதுக்கப்புறம் உடம்பு நீளும், நிறம் வெளுக்கும், வேகமா ஓடும். குஞ்சுக்குப் பிடிக்கிறது கஷ்டம், பிடிச்சாலும் கிடைக்கிறது கம்மி. ஒரு நாள் பட்டினி கிடந்தா நாலுல ஒரு பங்கு சத்து அதோட உடம்புல இருந்தே கரைஞ்சு போயிடும்.

அதனால நான் எல்லாருக்கும் சொல்றது இது ஒண்ணுதான்: எந்த டின், எந்த நாடு, எத்தனை சதவீதம் பொரியும்னு அலையுறதுக்கு முன்னாடி, பொரிஞ்ச நேரத்தைப் பிடிங்க.

19 நவம்பர் 2023

மஞ்சக்கரு பத்தி. மாமாவை நான் குறைச்சுச் சொல்லல. அந்தக் காலத்துல சிமெண்ட் தொட்டியில மழைத்தண்ணியும் பாசியும் சேர்ந்து கிடக்கும். குஞ்சு அதுல இருக்கிற நுண்ணுயிரைத்தான் தின்னு வளர்ந்தது. மஞ்சக்கரு அந்த நுண்ணுயிரைப் பெருக்கிக் கொடுத்துச்சு. இன்னைக்குக் கண்ணாடித் தொட்டியில சுத்தமான தண்ணியை ஊத்தி மஞ்சக்கருவைப் பிழிஞ்சா, ராத்திரிக்குள்ள தண்ணி பால் மாதிரி வெளுத்துடும். காலையில அடியில வெள்ளையாக் கிடக்கும். குஞ்சும் அதோட சேர்ந்து கிடக்கும்.

இன்னொண்ணு, குஞ்சு அசையுறதைத்தான் துரத்தும். ஃபைட்டர் குஞ்சைக் கவனிச்சிருக்கீங்களா? உடம்பை எஸ் மாதிரி வளைச்சு, ஒரு நொடி நின்னு, அப்புறம்தான் பாயும். அசையாத மஞ்சக்கருத் துணுக்கு கண்ணு முன்னாடி மிதந்தாலும் அது பாயாது. ஆர்ட்டீமியா ரெண்டு பெரிய கொம்பாலயும் வெட்டி வெட்டி நீந்துற அந்த அசைவுதான் வேட்டையைத் தூண்டுது.

21 நவம்பர் 2023

ரெண்டு மூணு பேர் தனித்தனியா எழுதிக் கேட்டிருக்காங்க, பொரிக்கிற முறையைச் சொல்லுங்கன்னு. என்கிட்ட இருக்கிறது சாதாரண ஏற்பாடுதான்.

ரெண்டு லிட்டர் கூல் ட்ரிங்க்ஸ் பாட்டிலோட அடிப்பாகத்தை வெட்டித் தலைகீழாத் தொங்க விடுங்க. மூடியில ஓட்டை போட்டு ஏர் டியூப் சொருகிச் சுத்தி பசை அடைச்சிடுங்க. காத்து கூம்போட நுனியில இருந்து கிளம்பணும், அப்பதான் முட்டை மூலையில தங்காது. ஏர் ஸ்டோன் வேண்டாம். சின்னக் குமிழி முட்டையைத் தூக்கிக்கிட்டுப் போய் மேல நுரையோட ஒட்ட வச்சிடும், ஒட்டினது காய்ஞ்சா பொரியாது.

லிட்டருக்கு 25லேர்ந்து 30 கிராம் கல்லுப்பு. தராசு இருந்தா நிறுத்துப் போடுங்க, ஸ்பூன் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். சென்னை போர் தண்ணி கடினமா இருக்கும், அதுவே நல்லது. ஆர்ஓ தண்ணி, மழைத்தண்ணி வச்சிருக்கிறவங்க லிட்டருக்குக் கால் ஸ்பூன் ஆப்ப சோடா போடுங்க, பிஹெச் 8க்கு மேல நிக்கணும். லிட்டருக்கு ஒரு கிராம் முட்டை போதும், ரெண்டைத் தாண்ட வேண்டாம். ஒரு கிராம்ல ரெண்டு லட்சத்துக்கு மேல முட்டை இருக்கு, மறந்துடாதீங்க.

லைட் வேணும், குறிப்பா முட்டை ஊறுற முதல் சில மணி நேரம். இருட்டு பாத்ரூம்ல வச்சுட்டு பொரியலன்னு சொல்றவங்க அதிகம். பக்கத்துல ஒரு எல்இடி பல்பு எரிஞ்சா போதும்.

21 நவம்பர் 2023, சற்று நேரம் கழித்து

அயோடின் உப்பு போட்டா செத்துடும்னு ஒருத்தர் சொல்றார். நான் ஒரே முட்டை, ஒரே தண்ணி, ஒரு பாட்டில்ல பாக்கெட் தூள் உப்பு, ஒரு பாட்டில்ல மரக்காணம் கல்லுப்பு போட்டுப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்திருக்கேன். பொரிஞ்சதுல வித்தியாசம் தெரியல. கல்லுப்பு விலை கம்மி, அதுக்காக அதை வாங்குறேன். பயத்துக்காக இல்ல.

27 நவம்பர் 2023

கேள்வி கேட்ட தம்பி மறுபடி எழுதியிருக்கார்: "24 மணி நேரத்துல எடுத்தேன் அண்ணா, பாதிகூட பொரியல. இன்னும் விட்டா முதல்ல பொரிஞ்சது பட்டினி கிடக்குமேன்னு பயம். என்ன பண்றது?"

நல்ல கேள்வி. 24 மணி நேரம்ங்கிறது 28 டிகிரிக்குச் சொன்ன கணக்கு. இப்ப மழைக்காலம், ராத்திரி மாடியில தண்ணி 24க்கு வந்துடும். அந்தச் சூட்டுல 36 மணி நேரம்கூட ஆகும். வெறும் தாமதம்னா பரவாயில்லை. எல்லாம் ஒரே நேரத்துல பொரியாததுதான் பிரச்சனை. முதல் கூட்டம் பொரிஞ்சு தோலுரிச்சு மெலிஞ்சு கிடக்கும்போதுதான் கடைசிக் கூட்டம் ஓட்டை உடைக்கும். நீங்க எப்ப எடுத்தாலும் பாதிதான் நல்ல சாப்பாடு.

பாட்டிலை ஒரு வாளித் தண்ணியில இறக்கி, வாளியில 50 வாட் ஹீட்டரை வச்சு 28ல நிறுத்துங்க. ஹீட்டரை நேரா உப்புத் தண்ணியில போடாதீங்க. சூடு நிலையா இருந்தா பொரியறதும் ஒரே கட்டா வரும். அதுக்கப்புறம் பாருங்க, அதே பாக்கெட்தான், குஞ்சு வயிறு வேற மாதிரி இருக்கும்.

28 நவம்பர் 2023

நேத்து மணிக்கணக்கு சொன்னதுக்கு மேல இன்னொண்ணு சேர்க்கணும். மணியைவிடக் கண்ணு நம்பிக்கையானது.

நகைக்கடைக்காரங்க வச்சிருக்கிற சின்ன லென்ஸ் ஒண்ணு வாங்கிக்கோங்க. ஊற வச்சுப் பதினஞ்சு மணி நேரத்துக்கு மேல ஆனதும் ஒரு சொட்டு எடுத்து வெள்ளைத் தட்டுல விட்டுப் பாருங்க. பழுப்பு உருண்டை ஒரு பக்கம் வெடிச்சிருக்கும். அதுக்குக் கீழ, மெல்லிய சவ்வுப் பைக்குள்ள ஆரஞ்சு நிறக் குட்டி தொங்கிட்டு இருக்கும். இதைக் குடை நிலைன்னு சொல்வாங்க. உள்ள இருந்தே கொம்பு துடிக்கிறது தெரியும். திடீர்னு சவ்வு கிழியும், நெத்தியில ஒத்தைக் கண்ணு, மூணு ஜோடி உறுப்பு, வெட்டி வெட்டிக் கிளம்பிடும். எத்தனை வருஷமாப் பார்த்தாலும் எனக்கு இது அலுக்கிறதில்ல.

சொட்டுல குடை நிலை அதிகமா இருந்தா இன்னும் ரெண்டு மூணு மணி நேரம் பொறுங்க. குடையே இல்லாம எல்லாம் நீந்துதுன்னா உடனே எடுங்க. வெளுத்து நீளமானது கண்ல பட ஆரம்பிச்சா தாமதமாயிடுச்சு.

2 டிசம்பர் 2023

முட்டை ஓடு. இதைப் பத்தி முன்னாடியே எழுதியிருக்கணும்னு ஒரு அண்ணன் நினைவுபடுத்தினார், நன்றி.

காலி ஓட்டைக் குஞ்சு தின்னா செரிக்காது, குடல்ல அடைச்சுக்கும். பொரியாத முட்டையும் அப்படித்தான். காத்தை நிறுத்திப் பத்து நிமிஷம் விட்டா காலி ஓடு மேல மிதக்கும், பொரியாத முட்டை அடியில படியும், நடுவுல ஆரஞ்சுத் திரள். பாட்டில் மேல்பாதியைக் கறுப்புத் துணியால மூடி, கீழே பக்கவாட்டுல டார்ச் அடிங்க. வெளிச்சத்தைத் தேடி எல்லாம் அங்க குவியும். அடியில இருந்து முதல்ல வர்ற பழுப்புத் தண்ணியைக் கீழ விட்டுட்டு, ஆரஞ்சு வந்ததும் பிடிங்க. மேல இருக்கிற ஓடு இறங்குறதுக்குள்ள நிறுத்திடுங்க.

பத்து நிமிஷத்துக்கு மேல காத்து இல்லாம விடக் கூடாது. அவ்வளவு நெருக்கமாக் குவிஞ்சா மூச்சுக் காத்து தீர்ந்து அடியில இருக்கிறது செத்துடும்.

பிடிச்சதை நைஸான கைக்குட்டையில வடிகட்டி, நல்ல தண்ணியில ரெண்டு தடவை அலசுங்க. உப்புத் தண்ணி மட்டும் இல்ல, பொரிக்கும்போது சேர்ந்த கிளிசரால், பாக்டீரியா எல்லாம் அந்தத் தண்ணியில இருக்கு. அதை அப்படியே குஞ்சுத் தொட்டியில ஊத்துறது வீண் வம்பு.

8 டிசம்பர் 2023

மிக்ஜாம் புயல். எங்க தெருவுல கரண்ட் இல்ல, கீழ்வீட்டுல தண்ணி. எல்லாரும் பத்திரமா இருக்கீங்கன்னு நம்புறேன்.

நிறைய பேருக்குக் குஞ்சு போயிருக்கும். இனிமேலாவது பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க, கரண்ட் போனா தானா ஓடுற வகை. கரண்ட் இல்லாத நாள்ல பொரிக்க வைக்காதீங்க. காத்து நின்னா முட்டை அடியில குவிஞ்சு நாறிடும். அந்த நாளுக்குத்தான் மைக்ரோ வார்ம்ங்கிற பொடிப் புழு. ஓட்ஸ் கஞ்சியில ஒரு டப்பா போட்டு வச்சா காத்தும் வேண்டாம், ஹீட்டரும் வேண்டாம். சுவத்துல ஏறுற புழுவை விரலால வழிச்சுப் போடலாம். அடியில போய்ச் சேர்ந்துடும்ங்கிறது குறை, ஆனா கொஞ்ச நேரம் அங்க நெளிஞ்சுக்கிட்டே இருக்கும், குஞ்சு தேடித் தின்னும்.

ஃப்ரிட்ஜ் ஓடினவங்களுக்கு ஒரு வழி இருக்கு. அலசின ஆர்ட்டீமியாவைத் திரும்ப உப்புத் தண்ணியில, அகலமான தட்டையான டப்பாவில மெல்லிசாப் பரப்பி, 4 டிகிரி பக்கத்துல வச்சா அசைவு நின்னு போயிடும், சேமிப்பும் அதிகம் கரையாது. ஒரு நாள் தாங்கும், சில சமயம் ரெண்டு நாள். வெளிய எடுத்துச் சாதாரணச் சூட்டுக்கு வந்ததும் மறுபடி நீந்தும். தினமும் பொரிக்க நேரம் இல்லாத வேலைக்காரங்களுக்கு இது பெரிய உதவி. நேரத்தைப் பிடிக்கணும்னு நான் சொன்னதை நீங்க பிடிக்க முடியலன்னா ஃப்ரிட்ஜ் பிடிச்சுக் கொடுக்கும்.

3 ஜனவரி 2024

"இதெல்லாம் அமெரிக்கக்காரன் நேத்து கண்டுபிடிச்சு நம்ம தலையில கட்டினது"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். மீன் குஞ்சுக்கு ஆர்ட்டீமியா போடுறது 1933லயே சான்பிரான்சிஸ்கோல சீல்ங்கிறவர் எழுதி வச்சது. 1939ல நார்வேல ரோலெஃப்சன் கடல் மீன் குஞ்சுக்குப் போட்டுக் காட்டினார். நம்ம மாமா, தாத்தா காலத்துச் சங்கதிதான்.

ஆர்ட்டீமியாவைப் பார்த்து எழுதினது அதைவிடப் பழசு. இங்கிலாந்துல லிமிங்டன் உப்பளத்துல 1755ல ஷ்லோசர்ங்கிறவர் படம் வரைஞ்சு வச்சிருக்கார். முட்டைன்னு நம்ம சொல்றது கரு பாதி வளர்ந்து அப்படியே நிறுத்தி வச்ச நிலை. ஈரம் பட்டாத்தான் மறுபடி ஓடும். 1972ல அப்போலோ 16லயும் 17லயும் இந்த முட்டையை விண்வெளிக்குக் கொண்டுபோய், கதிர் பட்டா என்ன ஆகுதுன்னு பார்த்தாங்க. நிலாப் பயணம் போன முட்டை நம்ம மாடியில ஈரம் பட்டு வீணாப் போகுதுன்னா அது சேமிக்கிற முறையில இருக்கிற குறை.

டின்னைத் திறந்ததும் சின்னச் சின்ன டப்பாவாப் பிரிச்சு, இறுக்கி மூடி ஃப்ரிட்ஜ்ல வைங்க. எடுத்ததும் திறக்காதீங்க. டப்பா அறைச் சூட்டுக்கு வர்ற வரை மூடியே இருக்கட்டும். குளிர்ந்த டப்பாவைச் சென்னைக் காத்துல திறந்தா உள்ள வேர்க்கும். அந்த ஈரத்துல முட்டை பாதி விழிச்சு, அப்புறம் காய்ஞ்சு, செத்துடும். கடையில கண்ணாடி ஜாடியில திறந்து வச்சுப் பிரிச்சுத் தர்ற பாக்கெட்டு மேல எனக்கு நம்பிக்கை இல்லாததுக்குக் காரணம் இதுதான். ஒரு கடையில வாங்கின பாக்கெட்டைப் பொரிக்க வச்சா அடியில மண்ணு மாதிரி படிஞ்சு கிடந்துச்சு. கூட ரெண்டு பேர் சேர்ந்து 425 கிராம் டின் வாங்கிப் பிரிச்சுக்கோங்க, சில்லறை பாக்கெட்டை விட மலிவு.

4 ஜனவரி 2024

டீகேப் பத்தி நிறையக் கேள்வி. முட்டையோட பழுப்பு ஓட்டை ப்ளீச்சுல கரைச்சு எடுக்கிறது. ஓட்டுத் தொல்லை போகும், மேல ஒட்டியிருக்கிற கிருமியும் போகும், பொரியாததைக்கூடக் குஞ்சு தின்னலாம்.

ஒரு மணி நேரம் ஊற வச்ச முட்டையை ஹைப்போகுளோரைட்ல (அதுதான் ப்ளீச்) கலக்கினா பழுப்பு சாம்பலாகி, அப்புறம் ஆரஞ்சாகும். ஆரஞ்சானதும் உடனே வடிகட்டி, ப்ளீச் வாசனை போற வரை ஓடுற தண்ணியில அலசி, மிச்ச ப்ளீச்சை முறிக்கிற சோடியம் தயோசல்ஃபேட் கரைசல்ல ஒரு முக்கு. இது சூடேறுற வினை, 40 டிகிரி தாண்டினா கரு வெந்துடும். பக்கத்துல ஐஸ் கட்டி வச்சுக்கோங்க. ஜன்னலைத் திறந்து வச்சுச் செய்யுங்க. பாத்ரூம் கழுவுற ஆசிட் இருக்கிற வாளியில மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீங்க. ப்ளீச்சும் ஆசிட்டும் சேர்ந்தா வர்ற புகை நுரையீரலை எரிச்சிடும். வீட்டுல குழந்தை இருக்கிறவங்க ராத்திரி அவங்க தூங்கினப்புறம் செய்யுங்க.

சின்ன அளவுல வளர்க்கிறவங்களுக்கு இது தேவையில்லைன்னுதான் நினைக்கிறேன். டார்ச்சும் பத்து நிமிஷப் பொறுமையும் போதும்.

20 ஜனவரி 2024

எந்த மீனுக்கு எப்போ? இதைப் பட்டியலாக் கேட்டாங்க, ஆனா என் கையில வளர்ந்ததை வச்சுத்தான் சொல்ல முடியும்.

கப்பி, மோலி, ஸ்வார்ட் டெயில் குஞ்சுங்க பிறந்த அன்னைக்கே தின்னும். யோசிக்கவே வேண்டாம். ஏஞ்சல் குஞ்சு இலையை விட்டு நீந்த ஆரம்பிச்ச நாளே தின்னும். ஏஞ்சலுக்கு அது கிடைக்காத முதல் நாள் மிகப் பெரிய இழப்பு, மறுநாள் பாதி இருக்காது. டிஸ்கஸ் குஞ்சு முதல் சில நாள் தாய் தகப்பன் உடம்புச் சளியைத்தான் மேயும். அங்கேயே மேய்ஞ்சுட்டு இருக்கும்போது பக்கத்துல கொஞ்சம் கொஞ்சமா ஆர்ட்டீமியா விட்டுப் பழக்கணும்.

ஃபைட்டர்தான் இடைப்பட்டது. வாய் சின்னது. நீந்த ஆரம்பிச்ச முதல் ரெண்டு மூணு நாள் இன்ஃபுசோரியா (தண்ணியில உருவாகுற நுண்ணுயிர்) இருந்தா நிம்மதி. காய்ஞ்ச நாட்டு வாதாம் இலை ரெண்டை ஜோடி விடும்போதே தொட்டியில போட்டிருந்தா அதுலயே கொஞ்சம் உருவாகியிருக்கும். இங்கதான் முட்டை வகை முக்கியமாகுது. சான்பிரான்சிஸ்கோ வகை பொரிஞ்சா சுமார் 430 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்), அமெரிக்காவுல உட்டாவோட கிரேட் சால்ட் லேக் வகை 480ஐத் தாண்டும். பெரிய மீனுக்கு இந்த வித்தியாசம் ஒண்ணுமில்ல, முதல் நாள் ஃபைட்டர் வாய்க்கு நிறைய. வியட்நாம் வின்சாவ் உப்பளத்துல வர்ற முட்டையும் சின்னக் குட்டிதான், கிடைச்சா வாங்கிக்கோங்க.

டின்னைப் பார்க்காதீங்கன்னு மேல சொல்லிட்டு இங்க வகையைப் பத்திப் பேசுறேனேன்னு கேக்கலாம். முதல் நாலு நாள் ஃபைட்டருக்கும் கௌராமிக்கும் மட்டும் பாருங்க. மத்ததுக்கெல்லாம் நேரம்தான்.

11 பிப்ரவரி 2024

"நிறையப் போட்டா சீக்கிரம் வளருமா?" வளராது, சாகும்.

நல்ல தண்ணியில ஆர்ட்டீமியா சில மணி நேரம்தான் உயிரோட இருக்கும். மீந்தது செத்து அடியில படிஞ்சு, தண்ணியில அம்மோனியா ஏறும். குஞ்சுத் தொட்டியில அது ராத்திரியில நடக்கும், காலையில பார்ப்பீங்க. அதனால கொஞ்சம் கொஞ்சமா, ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷத்துல தீரணும். போட்டுட்டுப் போகாம நின்னு பாருங்க. குஞ்சோட வயிறு வெளியிலேர்ந்தே ஆரஞ்சாத் தெரியும். எல்லா வயிறும் நிறைஞ்சதும் நிறுத்திடுங்க. வயிறு காலியாவே இருக்கிற குஞ்சு எது, கூட்டத்துல முண்ட முடியாத குஞ்சு எதுன்னும் அப்பதான் தெரியும். அதுங்களைத் தனியா ஒரு டப்பாவில விட்டுக் கொடுங்க. எனக்கு ரொம்ப அழகான சில ஃபைட்டர் அப்படித் தனியா எடுத்து வளர்த்ததுதான்.

ரெண்டு ராம்ஸ்ஹார்ன் நத்தை விட்டா செத்ததைச் சுத்தம் பண்ணும். ஸ்பாஞ்ச் ஃபில்டரை நிதானமா ஓட விடுங்க, பலமா ஓடினா குஞ்சு களைச்சுப் போயிடும்.

12 பிப்ரவரி 2024

நேத்து எழுதினதோட சேர்த்து ஹைட்ரா. கண்ணாடியில அரை சென்டிமீட்டர் வெள்ளை நூல் மாதிரி, நுனியில விரல் விரிச்சு ஒட்டிட்டு இருக்கா? அதுதான். ஆர்ட்டீமியா போடுற தொட்டியில அது கிடுகிடுன்னு பெருகும், ஏன்னா அதுக்கும் இது பிடிச்ச சாப்பாடு. கூட்டம் அதிகமானா பொடிக் குஞ்சையும் பிடிச்சுடும். அளவாப் போடுறதுதான் முதல் மருந்து. முத்திப்போயிருந்தா குஞ்சை வேற தொட்டிக்கு மாத்திட்டு அந்தத் தொட்டியைக் காய வச்சிடுங்க.

3 மார்ச் 2024

ஒரு தங்கச்சி தூத்துக்குடியிலேர்ந்து: "எங்க ஊர் உப்பளத்துலயே ஆர்ட்டீமியா கிடக்கே, நாமளே முட்டை அள்ளலாமே?"

கிடக்கு. தூத்துக்குடி உப்பளத்துல ஆணே இல்லாம பெண்ணு மட்டுமே பெருகுற வகை ரொம்ப நாளா இருக்கு. அமெரிக்க வகையும் இப்ப கலந்துடுச்சு. சமுத்திரத் தண்ணியை விட ரெண்டு மூணு மடங்கு உப்பு ஏறின பாத்தியில பெரும்பாலான மீன் வாழாது, தின்ன ஆள் கம்மியான அங்க இது ராஜா. உப்பு கம்மியா இருக்கும்போது குட்டியாவே போடும். உப்பு ஏறி நெருக்கடி வந்தா ஓடு போட்ட முட்டையா இடும். காத்து அடிக்கிற திசையில பாத்தி ஓரமா பழுப்பு நுரை மாதிரி ஒதுங்கியிருக்கும். கையில எடுத்துத் தேய்ச்சா நறநறன்னு இருக்கும், மணலும் முட்டையும் கலந்து.

அடர் உப்புத் தண்ணியில கொட்டினா முட்டை மிதக்கும், மணல் அமுங்கும். மிதந்ததை நல்ல தண்ணியில போட்டா நல்ல முட்டை அமுங்கும், காலி ஓடு மிதக்கும். அமுங்கினதைச் சில நிமிஷத்துல எடுத்து உடனே காய வைக்கணும், விட்டா ஊறிடும். செய்யலாம் தங்கச்சி. ஆனா உப்பளத்துக்காரங்ககிட்ட கேட்டுட்டு எடுங்க. அந்தப் பாத்தியில பாசியைத் தின்னு தண்ணியைத் தெளிய வைக்கிறது இந்த உயிர்தான், அவங்க உப்பு நல்லா விளையறதுல இதுக்குப் பங்கு உண்டு. பறவைங்களுக்கும் அதுதான் சாப்பாடு. பூநாரையோட சிவப்பு பாசியிலயும் ஆர்ட்டீமியாவுலயும் இருக்கிற நிறமிலேர்ந்துதான் வருது.

பெண் மட்டும் இருக்கிற வகையோட குட்டி கொஞ்சம் பெருசு. கோல்ட் ஃபிஷ் குஞ்சுக்கு நல்லா இருக்கும், ஃபைட்டருக்கு ஒரு வாரம் கழிச்சு.

12 மே 2024

இப்ப எதிர்ப் பிரச்சனை. மாடியில மத்தியானம் தண்ணி 34 டிகிரி. முட்டை பொரியல, பாட்டில் நாத்தம் அடிக்குதுன்னு நாலஞ்சு பேர். 30ஐத் தாண்டினாலே குறையும், அதுக்கு மேல போகப் போகக் கருவே நின்னுடும். மாடியை விட்டுட்டு வீட்டுக்குள்ள, தரையில வைங்க. சாயங்காலம் ஊற வச்சா ராத்திரிக் குளிர்ச்சியிலயே பாதி வேலை முடிஞ்சிடும். சூட்டுல பொரிஞ்சது தோலுரிக்கிறதும் சீக்கிரம், எடுக்கிற நேரத்தை இன்னும் இறுக்கிப் பிடிங்க. விடியற்காலையில ஒரு சொட்டு எடுத்துப் பார்த்துடுங்க.

19 மே 2024

முதல் கேள்வி கேட்ட தம்பி புதுசா எடுத்த ஏழு வாரக் குஞ்சோட படம் அனுப்பியிருக்கார். துடுப்பு விரிஞ்சு நல்லா இருக்கு, வாழ்த்துகள். இனி ஆர்ட்டீமியாவை எப்போ நிறுத்தலாம்னு கேக்கிறார்.

இப்பவே மாத்த ஆரம்பிக்கலாம் தம்பி. காலையில மட்டும் ஆர்ட்டீமியா, மத்த வேளைக்கு மொய்னாவும் (குட்டைத் தண்ணியில வாழுற பொடி உயிர்) நல்லாப் பொடிச்ச பெல்லட்டும் (கடையில விக்கிற தீவன உருண்டை). முதல்ல பெல்லட்டைப் போட்டு, பசியோட இருக்கும்போது பழக்குங்க. அப்புறம்தான் உயிருள்ளது. மாத்திப் போட்டா பெல்லட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. மொய்னா சாக்கடைக் குட்டையில அள்ளினதா இருந்தா போடாதீங்க, வளர்த்து விக்கிறவங்ககிட்ட வாங்குங்க. ஆண் குஞ்சுங்க ஒண்ணுக்கொண்ணு செவுளை விரிக்க ஆரம்பிச்சிருக்கும், பாட்டில் பிரிச்சு வைக்க இப்பவே இடம் பார்த்துடுங்க.